மரக்கறிச் சோறும் தாழ்ந்த குரலும்

"பணியாளர் நலன் இணைப்பாளர்: அமைதியான சுபாவமும் தாழ்ந்த குரலும் உடையவர். பேசுவதைவிடக் கேட்பதில் நாட்டமுள்ளவர். தன்னிடம் சொல்லப்பட்டதை எச்சந்தர்ப்பத்திலும் வெளியிடாதவர். நிறுவனத்தின் நடைமுறைகளை வழுவாது பின்பற்றுபவர்."

பூநகரியில் மிதிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றின் முகாம் அலுவலகச் சுவரில் இந்த வாசகங்கள் மூன்று மொழிகளிலும் ஒட்டப்பட்டிருந்தன. கீழே சிவலட்சுமியின் படம். படத்திலும் அவர் வாய் திறந்தபடிதான் இருந்தார். எடுத்தவருக்கு, எந்தப் பக்கம் நின்று எடுத்தால் வெளிச்சம் விழும் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

சிவலட்சுமி உண்மையில் ஸ்ரோர்க்காரி, களஞ்சியப் பொறுப்பு. காலையில் வெடி அகற்றப் போகும் பெண்களுக்கு முகக்கவசமும் மார்புக்கவசமும் சப்பாத்தும் கொடுப்பதும், பின்னேரம் திருப்பி வாங்கி அடுக்குவதும் அவர் வேலை. கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தால் கொண்டுவந்தவளின் பரம்பரை முழுவதும் அன்று வெயிலில் காயும். அவருடைய குரல் கடலேரிக் காற்றை எதிர்த்து வெளியின் மறுகரைக்குப் போகும். வோக்கிடோக்கி பழுதான நாட்களில் நிறுவனம் அந்தக் குரலைப் பயன்படுத்திக்கொண்டதும் உண்டு. இரகசியம் காப்பதைப் பொறுத்தவரை, காலையில் அவரிடம் சொன்னது மத்தியானம் சமையற்கட்டுக்கும், சாப்பாட்டுக்குப் பிறகு முகாமுக்கும் தெரிந்துவிடும். அப்படியிருந்தும் பெண்கள் அவரிடம்தான் சொன்னார்கள். வெட்கமான விஷயத்தை ஊருக்குத் தாங்களே சொல்லும் சிரமம் மிச்சம் என்று நினைத்தார்களோ தெரியாது.

அவருடைய தாய் தகப்பன் மலைநாட்டுத் தோட்டமொன்றில் இருந்து, ஒரு கலவரத்துக்குப் பிறகு கிளிநொச்சிப் பக்கம் வந்து குடியேறியவர்கள். சிவலட்சுமி பிறந்து வளர்ந்தது வன்னியில். மரியாதைக்குக் கதைக்கும்போது வாங்கோ, இருங்கோ என்று யாழ்ப்பாணத்தாரைவிடச் சுத்தமாகக் கதைப்பார். கோபம் வந்தால் தாயின் தமிழ் வந்துவிடும். முகாமில் எல்லாருக்கும் அந்தத் தாயின் தமிழ் நல்ல பழக்கம். புருஷன் ஆண்டியப்பன் அதிகம் பேசாத மனிதர். தனக்கு இடம் கிடைக்கவில்லை என்பது அவருடைய தரப்பு.

ஒவ்வொரு முகாமிலும் ஒரு நலன் இணைப்பாளர் இருக்கவேண்டும் என்று கொழும்பிலிருந்து உத்தரவு வந்தபோது, முகாம் பொறுப்பாளர் கோகுலன் சான்றிதழ் உள்ள ஆளைத் தேடினார். இருந்தது சிவலட்சுமியிடம் மட்டும். மனக்காயம் பட்டவர்களோடு பழகுவது பற்றி வவுனியாவில் நடந்த பயிற்சிக்குப் போகவேண்டியவளுக்குக் காய்ச்சல் வந்து, வான் வண்டியில் ஒரு இருக்கை வெறுமையாக இருந்ததால் அவர் ஏறிப் போனவர். பயிற்சியில் என்ன சொன்னவை என்று கேட்டதற்கு, "மெல்லக் கதைக்கட்டாம். மெல்லக் கதைச்சால் ஆருக்குக் கேக்கும்?" என்றார்.

படம் சுவரில் ஏறி அதிக காலம் ஆகவில்லை. ஒரு பங்குனிக் காலையில் ராஜினியின் கால் போனது.

அந்த வேலையின் முறை தெரிந்தால்தான் பிறகு நடந்தது விளங்கும். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆள் அகலத்தில் ஒரு பாதை. அதில் முழங்காலில் இருந்து, சின்ன இரும்பு வாரியால் மண்ணை மெல்ல மெல்ல வறுகிச் சுரண்டிக்கொண்டு முன்னேறவேண்டும். வறுகிய இடத்தை அணித்தலைவி பரிசோதித்துச் "சரி" என்ற பிறகுதான் அங்கே கால் வைக்கலாம். ராஜினியின் அணித்தலைவி தயாளினி. இருவரும் முழங்காவில் பக்கத்து ஒரே ஊர். ராஜினியை இந்த வேலைக்குக் கூட்டி வந்ததும் தயாளினிதான். அன்று தயாளினி சரி என்ற இடத்தில் ராஜினி கால் வைத்தாள்.

வெடித்தவுடன் ஓடக்கூடாது என்பது விதி. ஓடினால் இரண்டாவது கால் போகும். தயாளினி விசிலை ஊதி எல்லாரையும் நிற்கவைத்துவிட்டு, ராஜினி கிடந்த இடம்வரைக்கும் தானே முழங்காலில் இருந்து, கண்டுபிடிக்கும் கருவியால் ஒவ்வொரு சாண் மண்ணாகத் தடவிப் பார்த்துப் போனாள். ராஜினி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே கிடந்தாள். போய்ச் சேர்ந்து, துடையில் இறுக்கிக் கட்டி, தூக்குகட்டிலில் ஏற்றும்வரை தயாளினியின் கை நடுங்கவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். வாகனம் சங்குப்பிட்டிப் பாலத்தால் யாழ்ப்பாணம் போனது. இடது பாதத்தைக் கணுக்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

ராஜினியின் கவசங்கள் பின்னேரம் ஸ்ரோருக்குத் திரும்பி வந்தன. ஒற்றைச் சப்பாத்தும் வந்தது. சிவலட்சுமி அதை எங்கே அடுக்குவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டுச் சமையற்காரியோடு சண்டை பிடிக்கப் போனார். அவருடைய நலனைக் கவனிக்க ஒருவரும் நியமிக்கப்படவில்லை.

தயாளினி வேலைக்கு வராமல் வீட்டில் இருந்துவிட்டாள். ஒரு வசனம்தான் சொன்னாள்: "நான்தான் சரி எண்டனான்." விசாரணை முடியும்வரை அவளும் ராஜினியும் சந்திக்கவோ கதைக்கவோ கூடாது என்று கோகுலன் அறிவித்தார். நியாயமான விதிதான். இரண்டு பேரும் கதைத்துவிட்டால் எது ஞாபகம், எது பிறகு சேர்ந்தது என்று பிரிக்கமுடியாது. கொழும்பிலிருந்து உளவளத்துணையாளர் ஒரு அம்மா சிவலட்சுமியோடு தொலைபேசியில் நெடுநேரம் கதைத்தார். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், தனிய விடாதீர்கள், எப்போதும் இருப்பது போலவே இருங்கள் என்றார். நல்ல புத்திமதி. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் சிவலட்சுமி அன்று வாழ்க்கையில் முதன்முறையாகச் சுவரில் தன் படத்துக்கு மேலே எழுதியிருந்ததை முழுதாக வாசித்தார். வாசித்ததை நம்பினார்.

முதலில் சாப்பாட்டுக்கு ஒழுங்கு செய்தார். அணிப் பெண்கள் முறை வைத்துச் சமைத்துத் தயாளினி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். அவள் அடுப்படிக்குப் போகக்கூடாது. "மச்சம் வேண்டாம். ரத்தம் கண்டவள், மீனைக் கண்டால் வயித்தைப் பிரட்டும்" என்று கட்டளை. ஆக, சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம்.

வன்னியில் அயல்வீடுகளில் இருந்து முறைவைத்து மரக்கறிச் சாப்பாடு வந்து சேரும் வீடு ஒன்றே ஒன்றுதான். செத்தவீடு. அங்கே அடுப்பு மூட்டமாட்டார்கள், மச்சம் புழங்கமாட்டார்கள், அயலார்தான் கொடுத்தனுப்புவார்கள். இது சிவலட்சுமிக்கும் தெரியும், சமைத்த பெண்களுக்கும் தெரியும். தெரிந்ததாலேயே ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஒருவர் துன்பப்படும்போது கை தானாகச் செய்யும் வேலையை அவர்கள் செய்தார்கள்.

தயாளினியின் புருஷன் சதீஸ் கடலேரியில் இறால் பிடிக்கிறவர். இறாலும் நண்டும் வாசலில் கிடக்க, கத்தரிக்காய் வந்துகொண்டிருந்தது. அவரும் பொறுத்துப் பார்த்தார். ஒரு மத்தியானம், மூடியைத் திறந்து பருப்பைக் கண்டதும் வாய் சும்மா இருக்கவில்லை.

"சாப்பாடு நல்லாத்தான் கிடக்கு. எங்கட வீட்டிலை ஆர் செத்தது எண்டுதான் தெரியேல்லை."

பகிடிக்குத்தான் சொன்னார். தயாளினி கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

அன்று பின்னேரம் சிவலட்சுமி வந்தார். கதிரையின் நுனியில் இருந்தார். கையைக் கையின் மேல் வைத்துக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில், மிகத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "ராஜினி நல்லா இருக்கிறா. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ தங்கச்சி."

தயாளினியை அவர் அதுவரை தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை. "ஏய்" என்றுதான் கூப்பிடுவார். நல்லா இருக்கினம், யோசியாதேங்கோ என்று போர்க்காலத்தில் மெல்லிய குரலில் வந்த செய்திகளுக்கு என்ன அர்த்தம் என்பது தயாளினியின் வயதில் வன்னியில் எல்லாருக்கும் பாடம். சிவலட்சுமி போனதும் அவள் குளித்து, வெளிறிய சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு ராஜினியின் வீட்டுக்கு நடந்தாள்.

ராஜினியின் தாய் கமலாசனி, ஆஸ்பத்திரியில் மகளோடு இளைய மகள் சுதாஜினியை விட்டுவிட்டு, உடுப்புத் தோய்க்க அன்றுதான் வீட்டுக்கு வந்திருந்தார். கொடியில் ராஜினியின் சட்டைகளை விரித்துக்கொண்டு நின்றபோது, வாசல் படலையடியில் ஒப்பாரி கேட்டது.

"ஐயோ என்ரை ராசாத்தி! என்ரை வாயாலை சரி எண்டு சொல்லி உன்னை அனுப்பிப்போட்டனே!"

ஒரு கணம் கமலாசனிக்குத் தன் பிள்ளை போய்விட்டது என்றே பட்டது. நிலத்தில் இருந்துவிட்டார். பிறகு, மத்தியானம்தான் ராஜினி தொலைபேசியில் சத்தம் போட்டது ஞாபகம் வந்தது. எழும்பி, முற்றம் கூட்டுகிற தும்புத்தடியை எடுத்தார்.

"எடியே! என்ரை பிள்ளை ஆஸ்பத்திரியிலை உயிரோடை கிடக்குது. நீ என்ரை படலையிலை நிண்டு ஒப்பாரி வைக்கிறியோ? காலை எடுத்தது காணாதெண்டு உயிரையும் எடுக்க வந்தனியோ?"

அயலட்டைச் சனம் கூடி விலக்கியது. இந்த அடியில் உண்மை தெரிந்திருக்கவேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். தயாளினி வேறுவிதமாக யோசித்தாள். வீட்டுக்கு வந்து சதீஸிடம் சொன்னாள்: "பாவம், தாய்க்கும் சொல்லேல்லை போலை."

அதற்குப் பிறகு எந்தச் சொல்லாலும் அவளைத் தொட முடியவில்லை. ராஜினியோடு கதைக்க வைக்கலாம் என்றால் விதி குறுக்கே நின்றது. விதியைப் பார்க்காமல் அணிப்பெண் ஒருத்தி சுதாஜினிக்குத் தொலைபேசி எடுத்தாள். அந்த நேரம் ராஜினிக்கு இரண்டாவது முறை காலைத் துப்புரவாக்கி, காய்ச்சலும் ஏறி, அவள் மயக்க மருந்தில் கிடந்தாள். படம்தான் வந்தது. கண் மூடி, வெள்ளைத் துணி நெஞ்சுவரை போர்த்து, மூக்கில் குழாய். தயாளினி அதைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியைப் பக்குவமாகத் திருப்பிக் கொடுத்தாள். "சவப்பெட்டியிலை வைக்கிறதுக்கு முதல் எடுத்ததோ?" என்று கேட்டாள்.

சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். அடுத்து ஒருநாள் சதீஸ் ஸ்ரோர் வாசலில் வந்து நின்றார். உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, அவள் கிணத்தடியிலை போய் நிக்கிறாள். தண்ணியும் அள்ளுறேல்லை. கேட்டால் சும்மா எண்டுறாள். நான் தொழிலுக்குப் போகாமல் காவல் நிக்கிறன். எவ்வளவு நாளைக்கு நிக்கிறது? இப்ப பக்கத்து வீட்டுக்காரியை இருத்திப்போட்டு வந்தனான்."

சிவலட்சுமி ஸ்ரோரைப் பூட்டினார். கோகுலனிடம் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பார், இல்லை என்ற பிறகு போனால் மரியாதைக் குறைவு, கேட்காமல் போனால் அப்படியில்லை என்பது அவருடைய கணக்கு. சதீஸின் மோட்டார்சைக்கிளில் ஏறி, வழி முழுக்க அவருக்குப் பேச்சு. வீட்டு முற்றத்தில் இறங்கியதும், தாயின் தமிழ் முழு வீச்சில் வந்தது.

"ஏய் தயாளினி! எந்திரிச்சு வாடி வெளிய! உசிரோட இருக்கறவளுக்கு ஒப்பாரி வச்சிட்டு என்னடி மூலைல குந்திக்கிட்டு இருக்க?"

தயாளினி வாசலுக்கு வந்தாள். முகம் வற்றியிருந்தது.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. எப்ப பிரேதம் எடுத்தவை? என்னை வரவிடக்கூடாதெண்டோ மறைச்சனீங்கள்?"

"எடுக்கிறதுக்கு ஆளு செத்திருக்கணும்டி!"

"நீங்கள் மெல்லக் கதைச்சனீங்கள். நீங்கள் ஒருநாளும் அப்பிடிக் கதைக்கிறேல்லை."

"அப்படித்தான் பேசணும்னு செவுத்துல எழுதி ஒட்டி வச்சிருக்காங்க! எம் படத்தையும் போட்டு!"

"பின்னை ஏன் மரக்கறிச் சாப்பாடு தந்தனீங்கள்?"

அப்போதுதான் சிவலட்சுமிக்கு விளங்கியது. வாயைத் திறந்தார், மூடினார். சதீஸ் தன் வாழ்நாளில் கண்டிராத காட்சி அது. பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு, "அது எம் புத்தி கெட்ட வேலை. வா, போவம்" என்றார்.

"எங்கை?"

"யாழ்ப்பாணம். பார்த்தா நம்புவியா இல்லியா?"

தயாளினி யோசித்தாள். "ஓம். பிணம் வைக்கிற மோச்சரியிலை கேட்டால் சொல்லுவினம்" என்றாள். அந்த எண்ணத்தோடுதான் செருப்பைப் போட்டாள். ஆனாலும் போட்டாள்.

பஸ் வர நெடுநேரம் பிடித்தது. வந்த பஸ்ஸில் சிவலட்சுமி பக்கத்து இருக்கைக்கு விஷயத்தைச் சொல்லத் தொடங்கி, பாலத்துக்கு முன்னரே பின் இருக்கைவரை சொல்லி முடித்துவிட்டார்.

"இந்தப் புள்ள சொல்லுது அது செத்துப்போச்சாம். நான் சொல்றேன் சாகல. ஊரு முழுக்கச் சொல்லுது சாகல. இவ மட்டும் விடமாட்டேங்கிறா."

"போய்ப் பாத்தால் தெரியும்தானே அம்மா" என்றார் மீன்பெட்டியோடு நின்ற ஒருவர்.

"அதுக்குத்தானே டிக்கெட் எடுத்திருக்கு! பின்ன கோட்டை பார்க்கவா போறம்?"

கொண்டக்டர் சிரித்தார். தயாளினி சிரிக்கவில்லை, யன்னலால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவலட்சுமி வாய் ஓயாமல் பேசினாலும், பாலம் முடியும்வரை அவளுடைய மணிக்கட்டை விடவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் தயாளினி மோச்சரிப் பக்கம் திரும்பினாள். சிவலட்சுமி மறுபக்கம் இழுத்தார். ஒரு இழுபறி நடந்தது. காவலாளி எட்டிப் பார்த்தார். கடைசியில் பருமன் வென்றது. வாட்டுக்குள் ராஜினியின் கட்டிலடியில் அவளைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுச் சிவலட்சுமி வெளியே போய்விட்டார். அங்கே நடந்ததைப் பிறகு சொன்னது தங்கை சுதாஜினி.

ராஜினி காய்ச்சல் விட்டு, தலையணையில் சாய்ந்திருந்தாள். போர்வை ஒரு பக்கம் பாதம்வரை மேடாக இருந்தது. மறுபக்கம் பாதத்துக்கு முன்னமே படிந்திருந்தது. தயாளினி அந்தப் படிந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு கிட்டப் போய் ராஜினியின் புறங்கையில் விரலை வைத்தாள்.

"என்ன, சூடு பாக்கிறாய்?" என்றாள் ராஜினி.

"ஓம்."

"எனக்கு ஒப்பாரி வைச்சனியாம். அம்மா சொல்லிச் சொல்லித் திட்டுறா. என்னெண்டு வைச்சனி? சொல்லு பாப்பம்."

தயாளினி அழுதாள். ராஜினி அழவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பகிடி முகத்திலிருந்து போய்விட்டது.

"தயா, அந்த இடத்தை வடிவாப் பாத்தனியோ?"

"பாத்தனான்."

"வடிவாப் பாத்தனியோ?"

"பாத்தனான் எண்டுதான் நினைக்கிறன். இப்ப தெரியேல்லை, ராஜினி. நினைச்சு நினைச்சு இப்ப தெரியேல்லை."

ராஜினி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தயாளினி போகவுமில்லை, இருக்கவுமில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி நின்றாள். தாதியைக் கூப்பிடுவோமா என்று சுதாஜினி யோசித்த நேரத்தில், சுவரைப் பார்த்தபடியே ராஜினி சொன்னாள்: "தலை கடிக்குது. இவள் சுதா இழுத்துப் பிடுங்கிறாள். நீ ஒருக்காப் பார்."

தயாளினி சீப்பை வாங்கிக்கொண்டு தலைமாட்டில் இருந்தாள்.

இதனால் எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத ஆசைதான். விசாரணை பழுதாகிவிட்டது. இரண்டு பேரும் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டு, சொல்லக்கூடாத பதிலைச் சொல்லியிருந்தார்கள். இதை விசாரணைக்காரருக்குச் சொன்னதும் சிவலட்சுமிதான், கேட்பதற்கு முன்பே. வெடி ஒரு பனைவேருக்குக் கீழே சரிந்து கிடந்தது. பரிசோதனை போதுமானதாக இருந்ததா என்பதை இனி அறுதியிட முடியாது என்று முடித்தார்கள். கோகுலன் சிவலட்சுமியைக் கூப்பிட்டார்.

"அக்கா, நீங்கள் செய்தது சரியோ பிழையோ எண்டு நான் சொல்ல வரேல்லை. ஆனா விதி எண்டு ஒண்டு இருக்கு."

"இருக்கட்டும் தம்பி. இல்லையெண்டு நான் சொன்னனானே?"

படம் சுவரிலிருந்து இறங்கியது. புதிய இணைப்பாளர் ஜனகன், டிப்ளோமா படித்தவர். மெல்லக் கதைப்பார், இரகசியம் காப்பார். நன்றாகவே செய்கிறார், விபத்தன்று அங்கே நின்ற பெண்கள் சிலர் அவரிடம் போய்த்தான் இப்போது நித்திரை கொள்கிறார்கள். சிவலட்சுமியும் ஒருமுறை போனார். என்ன கதைத்தார் என்று இதுவரை ஒருவருக்கும் தெரியாது.

ராஜினி செயற்கைப் பாதத்தோடு நடக்கிறாள். தயாளினி வெடி அகற்றும் வெளிக்குத் திரும்பவில்லை. விசில் சத்தம் கேட்டால் போட்ட அடியிலேயே நின்றுவிடுகிறாள். புருஷனோடு இருந்து இறால் தரம் பிரிக்கிறாள். அவளும் ராஜினியும் சில மாதம் கதைக்கிறார்கள், சில மாதம் கதைப்பதில்லை. கமலாசனி தயாளினியைப் படலைக்கு உள்ளே இன்னும் விடவில்லை.

அந்தப் பங்குனியில் சிவலட்சுமி தயாளினியைப் பஸ்ஸில் ஏற்றி யாழ்ப்பாணம் கொண்டுபோனார். ராஜினியின் கட்டிலடியில் விட்டார். பிறகு வாட்டுக்கு வெளியே கிடந்த வாங்கில் அமர்ந்து, பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை உள்ளே போகாமல் இருந்தார்.